முள்ளம்பன்றி முனியன் வைத்தியத்துக்குப் போன கதை

என் இரண்டாவது மகள் பிறந்தபோது பிரசவ வார்டில் பத்து நாள் கிடந்தேன். அது எண்பத்தேழாம் வருஷம். அடுத்த கட்டில் ரெஜினா அக்கா சொன்ன கதை இது. ஃப்ளாஸ்க் காப்பியை ஆளுக்குப் பாதியாய்க் குடித்துக்கொண்டே கேட்டேன். அந்த நாட்களைக் கடவுள் மறுபடி ஒரு தடவை தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மூங்கில் காட்டில் முனியன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். கிழங்கு கொஞ்சம் கசந்தால் போதும், முள்ளெல்லாம் சிலிர்த்துவிடும். ஒரு நாள் மகள் குஞ்சம்மா தண்ணீரைத் தட்டிவிட்டாள். அவன் சீறித் திரும்பிய வேகத்தில் அவள் கன்னத்தில் முள் ஏறிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளை அவன் பக்கத்தில் படுப்பதில்லை.

மனைவி பேச்சி சத்தம் போடவில்லை. "பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பிள்ளையோட எங்க அண்ணன் வளைக்குப் போயிடுவேன்," என்றாள்.

முனியன் நரியிடம் ஓடினான்.

"கோபம் முள்ளுலதானே இருக்கு மாப்ளே? பிடுங்கிப் போடு!" என்றது நரி.

பத்து முள்ளைப் பிடுங்கினான். முதுகெல்லாம் ரத்தம். வலியில் முன்னைவிட அதிகமாய்க் கத்தினான்.

முயல் வந்து பார்த்தது. "அண்ணே, புளியமரத்துத் தேவாங்கம்மாகிட்ட போங்க. மனசு பார்க்கிறதுக்குன்னே படிச்சவங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"பல்லு வலின்னு அன்னைக்குப் போனீங்களே, அப்போ யாராவது பைத்தியம்னாங்களா?"

போனான். தேவாங்கு திட்டவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. "முள் சிலிர்க்கிறதுக்கு முன்னாடி உங்க உடம்புல என்ன நடக்குது?" என்று கேட்டது.

"தெரியலைங்க."

"கவனிச்சுட்டு அடுத்த வாரம் சொல்லுங்க."

"இவ்வளவுதானா வைத்தியம்?"

"இன்னைக்கு இவ்வளவுதான்."

கவனித்தான். முதலில் வால்தான் கலகலவென்று நடுங்கியது. முள் அதற்குப் பிறகுதான் எழுந்தது. மறுவாரம் வந்து சொன்னான். "வால் ஆடினதும் வெளியே நடங்க. நின்னதும் உள்ளே வாங்க," என்றது தேவாங்கு.

மூன்றாம் வாரம் மறுபடி கத்திவிட்டுத் தலைகுனிந்து வந்தான். அன்றைக்குத்தான், சின்ன வயசில் அப்பா சத்தம் கேட்டாலே தான் மூலையில் ஒடுங்கிக் கிடந்ததைச் சொல்லி அழுதான். தேவாங்கு முழுக்கக் கேட்டது.

பௌர்ணமி வந்தது. பேச்சி மூட்டை கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து, அவன் ஒளித்து வைத்திருந்த பெரிய கிழங்கைக் குஞ்சம்மா கடித்துவிட்டாள். வால் கலகலத்தது. பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டது. முனியன் வெளியே போனான். மூங்கில் புதரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வந்து, தள்ளியே படுத்தான்.

"அப்பா, எங்க போனீங்க?"

"சும்மா நடக்கப் போனேன், தங்கம்."

குஞ்சம்மா அவன் வாலைப் பார்த்தாள்; அது ஆடவில்லை. பிறகு மெதுவாய் வந்து, அவன் மூக்கோரம் தலையை வைத்துப் படுத்தாள். பேச்சி மூட்டையை அவிழ்த்தாள்.

அடக்க முடியாத கோபமும் ஒரு நோவுதான். அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் போவதில் வெட்கமே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது போக நினைத்தால், முதல் தடவை மட்டும் நீங்களும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.