ராஜாவுக்குப் பிரசவம் பார்த்த வெள்ளச்சி

“சோத்துல கல்லாம். ராஜாவோட பல்லு உடைஞ்சிடுச்சாம். சாயங்காலம் சாத்தன் தலை போகுது. இனிமே அந்த மாதிரி மீன் குழம்பு யாருடி வைப்பா?”

குளக்கரையில் துணி துவைத்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, பக்கத்தில் கை கழுவிய வெள்ளச்சியின் காதில் விழுந்தது.

கேளுங்கள், பல் பிடுங்கக் கொல்லனைக் கூப்பிட்ட காலத்துக் கதை இது. பொன்னுருவி நாட்டை வீரமுடியான் என்ற ராஜா ஆண்டான். ஏழு போர் கண்டவன், ஒரு பல்லுக்கு அழுதான். சாத்தன் அவனுடைய சமையல்காரன். வெள்ளச்சி அரண்மனை மருத்துவச்சி. ராஜாவின் ஒன்பது பிள்ளைகளையும் பிறக்கவைத்தவள்.

காலையிலிருந்து மூன்று பண்டிதர்கள் வந்து போயிருந்தார்கள்.

முதல் பண்டிதர் மூச்சை அடக்கச் சொன்னார். ராஜா அடக்கினான். முகம் கத்தரிக்காய் நிறமானது, வலி அடங்கவில்லை. “சாத்தனைக் கட்டு!” என்றான்.

இரண்டாம் பண்டிதர் துருத்தி போல ஊதச் சொன்னார். ஊதினான். தலை சுற்றி மந்திரியின் மடியில் விழுந்தான். “சாத்தனை அடி!” என்றான்.

மூன்றாம் பண்டிதர் ஒரு மூக்கை மூடி, மறு மூக்கால் நூற்றெட்டு முறை இழுக்கச் சொன்னார். ராஜாவுக்குச் சளி பிடித்திருந்தது. “சாத்தனை வெட்டு!” என்றான்.

வெள்ளச்சி அரண்மனைக்கு ஓடினாள். பத்தாவது பிள்ளை போலிருக்கிறது என்று காவலர்கள் வழிவிட்டார்கள்.

“பல்லைக் கடிக்காதீங்க ராசா. தாடையைத் தளர்த்துங்க. மூச்சை மெதுவா இழுங்க. சூடு கஞ்சியை ஆத்துற மாதிரி, வாயைக் குவிச்சு நீளமா ஊதுங்க.”

“நான் என்ன பிள்ளையா பெறப் போகிறேன்?”

“ராணிமாருங்க இப்படித்தான் ஊதினாங்க. சமையல்காரன் தலையை ஒருத்தரும் கேக்கல. உங்க தலையைத்தான் கேட்டாங்க. நான் கொடுக்கல.”

மந்திரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ராஜா ஊதினான். முதல் முறை புலம்பல் நின்றது. இரண்டாம் முறை தோள் இறங்கியது. மூன்றாம் முறை, வலி முழுதாகப் போகாவிட்டாலும், யோசிக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

“இப்பச் சொல்லுங்க. கல்லு எவ்வளவு பெருசு?”

ராஜா கல்லைப் பார்க்கவே இல்லை. அவன் நினைவுக்கு வந்தது வேறு. முந்தின நாள், இளையராணி பார்க்கவேண்டும் என்று கொட்டைப்பாக்கை ஒரே கடியில் உடைத்துக் காட்டினான். ‘டக்’ என்ற சத்தம் இரண்டு முறை கேட்டது. மறுநாள் சாப்பாட்டில் வலி ஏறியதும் பழி சோற்றின்மேல் விழுந்துவிட்டது.

நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வலியில் துடிப்பவன் முதலில் நிதானமாக மூச்சு விடவேண்டும், அதற்குப் பிறகுதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

சாயங்காலம் வெட்டுக்களத்தில் ஊரே கூடியிருந்தது. ராஜா பல்லக்கு இல்லாமல் நடந்து வந்தான். வாயை அகலத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினான். “பாக்கு. நான்தான் கடித்தேன்” என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான். பிறகு மண்ணில் மண்டியிட்டு, சாத்தனின் கால்கட்டை அவிழ்த்தான்.