ராஜா சுற்றி வந்த நாடு

முன்னொரு காலத்தில் மேழிநாட்டைக் கோதண்டபூபதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அந்த மனிதர் அரண்மனை வாசலைத் தாண்டி வெயிலில் கால் வைத்ததே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சித்திரசாலை கட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் என்று ஊர்தோறும் சித்திர வரி வாங்கி, அந்த நெல்லைக் கொடுத்து அந்தந்த ஊரைப் பற்றியே ஆண்டுக்கொரு படம் வாங்கி மாட்டுவார். தை பிறந்ததும் படம் படமாக நடந்து பார்ப்பார். அதற்குப் பெயர் நாடு சுற்றி வருவதாம்! படத்தில் நெல் குவிந்திருந்தால் அந்த ஊருக்கு வரி ஏறும்.

படங்களைத் தேர்ந்தெடுப்பவர் தாண்டவராயர். ராஜா முகம் சுளிக்கும் படத்தை அவர் உள்ளேயே விடமாட்டார். ஓவியர்களுக்கும் வயிறு இருக்கிறதே? பொன்னிறக் கதிர், கொழுத்த பசு, சிரிக்கும் குடியானவன் என்று அரண்மனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே வரைந்து தள்ளி, வரி நெல்லை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அமைச்சர் வெள்ளியம்பலத்துக்கு இது நன்றாகத் தெரியும். சபையில் யாரையும் மடக்கிப் பேசுகிற அவர் இதற்கு மட்டும் மூன்று வருஷமாக வாய் திறக்கவில்லை. தாண்டவராயர் அவருடைய பதவிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த நேரம். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார்.

அந்தத் தை மாதம் பாலைக்குறிச்சிப் படத்தின் முன் வந்த ராஜா திடுக்கிட்டு நின்றார். நெற்குவியல் படத்தை மறைத்து ஒரு துணி தொங்கியது. அதில் வற்றி வெடித்த ஏரி. ஏரிக்குள் வரிசையாகக் கிடந்த மனிதர்கள். அதை வரைந்து தொங்கவிட்டவள் பக்கத்திலேயே நின்றாள். சடைச்சி என்று பெயர், அதே ஊர்க்காரி. வரி நெல் சுமந்து வந்தவர்களோடு உள்ளே நுழைந்திருந்தாள்.

"பொய், மகாராஜா! ராஜநிந்தனை! இவள் வலக்கையை வெட்ட வேண்டும், துணியை எரிக்க வேண்டும்!" என்று குதித்தார் தாண்டவராயர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சடைச்சி அமைச்சரைப் பார்த்தாள். "கை போனா போகுது சாமி. துணிய மட்டும் எரிக்க விடாதீங்க. அதுல எங்க அக்கா இருக்கா."

வெள்ளியம்பலம் துணியை உற்றுப் பார்த்தார். அத்தனை முகமும் வேறு வேறு முகம். மூன்று வருஷம் சும்மா இருந்த தன்மீதே அவருக்கு ஆத்திரம் வந்தது. முன்னால் வந்து கும்பிட்டார்.

"வெட்டத்தான் வேண்டும், மகாராஜா. பொய் வரைந்த கை எதற்கு? ஆனால் துணியில் இருப்பது பொய் என்றால், சுவரில் இருப்பது மெய். அப்படித்தானே, ராயரே?"

"சத்தியமாக! அந்த ஊரில் நெல்லை அளந்து மாளவில்லை."

"அப்படியானால் ராயர் ஒரு வாரம் அங்கே விருந்தாளியாக இருந்துவிட்டு வரட்டுமே. அரண்மனைச் சோறு ஒரு பருக்கைகூட உடன் போகக் கூடாது. ராயர் இந்தக் குவியலிலேயே பொங்கித் தின்று, கொஞ்சம் சதை போட்டுத் திரும்பினால் இவள் கை போகட்டும். கூடவே என் தலையும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். கைதட்டிச் சிரித்தார். ராயருக்கு முகம் வெளிறியது. போகமாட்டேன் என்றால் படம் பொய் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். காவலர்கள் புடைசூழ அன்றைக்கே புறப்பட்டார்.

நான்காம் நாளே அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"என்ன ராயரே, விருந்து பலமோ?" என்றார் ராஜா.

"படம் பொய், மகாராஜா. எல்லாப் படமும் பொய். தண்ணீர்... ஒரு வாய் தண்ணீர்..."

"ஊரார் ஒரு வாய் தண்ணீர்கூடவா தரவில்லை?"

"தருவதற்கு யாருமே இல்லை, மகாராஜா."

சடைச்சி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ராஜாவுக்கு முதன்முறையாகத் தன் சித்திரசாலையை நினைத்து வெட்கமாக இருந்தது. ராயரின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு சபையைவிட்டே விரட்டினார். சடைச்சியின் துணியைச் சித்திரசாலை வாசலிலேயே மாட்டச் சொன்னார். களஞ்சியத்தைத் திறந்து, மற்ற ஊர்களுக்காவது நெல் அனுப்ப உத்தரவிட்டார். அமைச்சரின் கழுத்தில் தன் கையாலேயே பொன்மாலை போட்டு, "உம்மை மிஞ்ச ஆள் இல்லை" என்றார். வெள்ளியம்பலம் மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு நெல் வண்டிகளோடு புறப்பட்டார்.

முதலில் சீந்தலூர். அரண்மனைக் கொடி கட்டிய வண்டிகளைக் கண்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எலும்பும் தோலுமாக ஒருத்தி மட்டும் வெளியே வந்தாள். கையில் ஒரு சின்ன முறம். அதில் இரண்டு கைப்பிடி நெல்.

"விதைக்குன்னு ஒளிச்சு வச்சது, சாமி. சித்திர வரிக்கு இதுதான் இருக்கு. எடுத்துக்கிட்டு எங்கள விட்டுருங்க" என்றாள்.

வெள்ளியம்பலம் வண்டியில் ஏறி முதல் மூட்டையைத் தானே தோளில் தூக்கி இறக்கினார். அவளோ அது எதற்கென்று புரியாமல், அந்த முறத்தை நீட்டியபடியே நின்றாள்.