செல்லிக்குச் சீர் கொண்டுபோன மூணு பேர்

இந்த முருங்கைக்கீரையை உருவி முடிக்கிறதுக்குள்ள கதையும் முடிஞ்சிடும். எனக்குப் பெரிசா சொல்லத் தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நத்தைப்பட்டிக்கு மேலே மலை. மலையில ஒரு ஊத்து. அதிலிருந்து வர்ற ஆத்துக்குப் பேரு செல்லி. ஆத்துக்கரையில மேட்டு வயல் சிலம்பனோடது. செல்லி பெருகி வந்தாத்தான் அதுக்குத் தண்ணி ஏறும். அந்த வருசம் பெருகலை, நெல்லு கருகிடுச்சு. வர்ற ஆடிக்கும் ஏறலைன்னா அவன் ஊரை விட்டே போகணும்.

பூசாரிகிட்டே போய் அழுதான்.

"செல்லி நம்ம வீட்டுப் பொண்ணுப்பா. கடல்தான் அவ புருசன் வீடு. மரியாதையா அனுப்பி வை, ஆடிக்குத் தானா வருவா" என்றார்.

ஆத்துல ரெண்டு பூவைப் போடச் சொல்றார்னு நமக்குத் தெரியும். சிலம்பன், சித்தப்பன் ஒச்சப்பனையும் மச்சான் மொக்கராசையும் கூட்டிக்கிட்டு, சீர்த்தட்டோட ஊத்துக்கே ஏறிட்டான்.

பாறையில தண்ணி சொட்டுச் சொட்டா வந்துச்சு.

"ஏன் சித்தப்பா இவ்வளவு மெதுவா வர்றா?"

"அம்மா வீட்டை விட்டுக் கிளம்புற பொண்ணு ஓடியாடா வரும்?"

மூணு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

கீழே வர வர செல்லி ஓட்டம் பிடிச்சா. இவங்களும் தட்டோட ஓடினாங்க. அருவியில அவ குதிச்சதும், "பொண்ணைத் தனியா விடலாமா!"ன்னு மொக்கராசும் குதிச்சான். அவனுக்கு முன்னாடி தட்டுல இருந்த லட்டு போய்ச் சேர்ந்துடுச்சு.

அணைக்கட்டுல ஆறு பிரிஞ்சு, பாதி வாய்க்கால்ல திரும்புச்சு. ஒச்சப்பன் மாரில அடிச்சுக்கிட்டார். "மோசம் போனோம்! பொண்ணு வாய்க்காலோட ஓடிப்போறாடா!"

மண்வெட்டியோட நின்ன ஒருத்தர் சொன்னார்: "யோவ், அது எங்க வயல் வேலைக்குப் போற தண்ணிய்யா."

"கல்யாணத்தன்னைக்குமா வேலை வாங்குவீங்க? நல்ல ஊருய்யா!"ன்னு சிலம்பன் தலையில அடிச்சுக்கிட்டு நடந்தான்.

ஒருவழியா கடல் வந்துச்சு.

"வசதியான இடந்தான்" என்றான் மொக்கராசு.

ஒச்சப்பன் ஒரு கை அள்ளிக் குடிச்சார். முகம் சுருங்கிப்போச்சு. "உப்புக் கரிக்குது. இது கண்ணீருடா! வந்து இறங்கினதும் இம்புட்டு அழ வச்சிருக்கான்!"

சிலம்பன் வேட்டியை மடிச்சுக் கட்டினான். "மாப்பிள்ளே, வெளியே வாய்யா!"

அலை ஓடி வந்து அவன் கால்ல விழுந்துச்சு. பின்னால போச்சு. மறுபடியும் விழுந்துச்சு. சிலம்பனுக்கே சங்கடமாப் போயிடுச்சு.

"போதும் எந்திரிங்க மாப்பிள்ளே, நாலு பேர் பாக்குறாங்க. ஆடிக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பினாப் போதும்."

கரையோரம் நின்ன படகெல்லாம் ஆடுச்சு.

"மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் தலையாட்டிட்டாங்க. கிளம்புங்கடா" என்றார் ஒச்சப்பன்.

ஆடியும் வந்துச்சு. மலையில கொட்டுன மழையில செல்லி கரைபுரண்டு வந்து சிலம்பன் வரப்பைத் தொட்டுக்கிட்டு நின்னா. ஊரே கூடிடுச்சு. சிலம்பன் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினான். மடையைத் திறக்கப்போறான்னு எல்லாரும் நினைச்சாங்க. அவனோ மண்ணை வெட்டி வெட்டி மடையை அடைச்சான்.

"அடப்பாவி, ஏண்டா?"ன்னு பூசாரி கத்தினார்.

"ஆடிக்கு வந்த பொண்ணை வயல்ல இறக்கி வேலை வாங்கவா? நான் என்ன அணைக்கட்டுக்காரனா?"

பக்கத்துல ஆறு நிறையத் தண்ணி. வயல் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. சிலம்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாழையிலையைத் தண்ணி மேல விரிச்சுச் சோறு வச்சான். இலையோட போயிடுச்சு.

"பாத்தியா மச்சான், இலையையும் சேத்துத் தின்னுட்டா. அங்க என்ன பட்டினியோ!"ன்னு அடுத்த இலையை எடுத்தான். ஒச்சப்பன் ஒரு அண்டா பாயசத்தோட வந்தார். வந்தவர் கரையில நின்னு, "இலை வேண்டாண்டா, பொண்ணு பசியில இருக்கு, நீ ஒரு பக்கம் பிடி, அப்படியே"ன்னு அண்டாவைத் தூக்கி... இதோ வந்துட்டேன் அத்தே, பிள்ளை முழிச்சுட்டானா? அண்டாவைத் தூக்கி, மொக்கராசைப் பாத்து, "நீ தண்ணிக்குள்ள இறங்கி அவ வாயைத் திறந்து பிடி"ன்னார்... வந்துட்டேன் அத்தே, மீதியை அப்புறம் சொல்றேன்!