தாவூத் பக்கம்

"தாவூதுக்குப் போய் எப்படி மேடம் அந்த நாற்காலியைக் கொடுத்தாங்க?"

செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார் பேராசிரியர் நல்லபெருமாள். தத்துவத் துறையின் தலைவர் பதவி தமக்குத்தான் என்று இருந்தவர். அது தம்முடன் படித்த தாவூதுக்குப் போய்விட்டது.

சௌந்தரவல்லி இருவருக்கும் முனைவர் பட்ட வழிகாட்டி. இப்போது ஓய்வில் இருக்கிறார்.

"வயிறு எரியுதா?" என்றார்.

"எரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

"கையில என்ன?"

"மறுப்புக் கட்டுரை. மறதியும் ஒருவகை அறிவுன்னு புத்தகம் போட்டிருக்கான்ல? நாளைக்குக் கருத்தரங்கில எல்லார் முன்னாடியும் நார் நாராக் கிழிக்கப் போறேன். நீங்க ஒரு தடவை பாத்துட்டா போதும்."

சௌந்தரவல்லி கட்டுரையைத் தொடவே இல்லை.

"முதல்ல தாவூத் பக்கத்தைச் சொல்லு."

அது அவருடைய வகுப்பு விதி. எதிராளியின் வாதத்தை, எதிராளியே தலையாட்டும்படி சொல்லிக்காட்ட வேண்டும். அதுவரை மறுக்க அனுமதி கிடையாது.

நல்லபெருமாள் கடகடவென்று ஒப்பித்தார்.

"இது தாவூத் இல்ல. அடிக்கத் தோதா நீ செஞ்ச பொம்மை. மறுபடி."

மறுபடி சொன்னார்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டே சொல்றே. மறுபடி."

கோபம் தலைக்கேறியது. எழுந்து நின்றுகொண்டு தொடங்கினார்.

"ஒரு பேர் மறந்துபோச்சு. மறந்துட்டோம்னு நமக்குத் தெரியுது. முழுசாப் போயிருந்தா தேடவே மாட்டோமே! யாராவது தப்பான பேரைச் சொல்லட்டும், 'அது இல்ல'ன்னு உடனே சொல்றோம். எதை வச்சுச் சொல்றோம்? அந்த மறந்துபோன பேரை வச்சுத்தானே!"

கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"என்னாச்சு?"

"அந்தத் தப்பான பேர் விஷயம் புத்தகத்தில இல்ல மேடம்."

"பின்னே யாரோடது?"

"இப்பத்தான் எனக்குத் தோணுச்சு." முகம் கறுத்துவிட்டது. "இதை வெளியே விட்டா என் கட்டுரை நிக்காது. அவன் இன்னும் உசந்துடுவான்."

"சொல்லாம விடு. யாருக்குத் தெரியப்போகுது?"

பொறாமை அவரை விட்டுப் போய்விடவில்லை. முன்பைவிட அதிகமாகத்தான் எரிந்தது. ஆனால் அது நல்ல வாதம். பாவி மனுஷனால் அதை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

"தாவூத் நம்பர் இருக்கா மேடம்?"

"உங்கிட்ட இல்லையா?"

"பதவி அறிவிச்ச அன்னிக்கே அழிச்சுட்டேன்."