காருக்குள் புகுந்த காத்து

கோணங்குளத்துக்காரர் ஒருவரிடம் வேலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். சொன்னதைச் சொன்னபடியே செய்வார். ஒரு எழுத்துக் கூட்ட மாட்டார், குறைக்கவும் மாட்டார். இந்த விஷயத்தில் ஊரிலேயே பேர் வாங்கியவர்கள் உலகநாதன் சகோதரர்கள். மூத்தவர் உலகநாதன், அடுத்தவன் தளவாய், கடைசி சொரிமுத்து. மூவரும் நரை விழுந்தவர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய கார்.

அந்தக் காரின் பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சு மெத்தையில் கால் வைத்தது போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வண்டி மட்டும் நிற்பதில்லை. கடைசியாக ஒரு வைக்கோல்போர்தான் அதை நிறுத்தி வைத்தது. மறுநாள் காலை தென்காசியில் தங்கச்சி இசக்கியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி உலகநாதனுடையது. ஒன்பதரைக்குள் மடி போய்ச் சேராவிட்டால், தங்கச்சி புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

மெக்கானிக் ஆவுடையப்பனுக்குப் போன் போட்டார். அவரோ மதுரையில் கொழுந்தியாள் கல்யாணப் பந்தலில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திச் சொன்னார். பிரேக்குக்குள் காத்து புகுந்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும், வீட்டிலேயே செய்யலாம். தூரத்துச் சக்கரத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டி நட்டைத் திறந்து, குழாய் மாட்டி, பாட்டிலில் விட வேண்டும். காத்து குமிழ் குமிழாக வரும். நட்டை மூடிவிட்டுச் சொல்லும்வரை மிதித்தவர் காலை எடுக்கக் கூடாது. மூன்றாவது ஆள் பிரேக் ஆயில் கப்பிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது.

அத்தனையையும் உலகநாதன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

முதல் வரியிலேயே சிக்கல் வந்தது. தளவாய் ஸ்பேனரோடு முன்சக்கரத்தருகே நின்றான். அங்கிருந்து பார்த்தால் தூரத்துச் சக்கரம் பின்னால் அந்தப் பக்கத்தில் இருந்தது. நடந்து போய்ப் பார்த்தான். அது கிட்டத்துச் சக்கரமாக மாறியிருந்தது. விட்டு வந்த சக்கரம்தான் இப்போது தூரத்தில் இருந்தது. திரும்ப நடந்தான். பத்து மணி வரைக்கும் காரை இப்படியே சுற்றிவந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

சொரிமுத்து யோசித்துச் சொன்னான்: “வாசல்ல செருப்புக் கிடந்தா ஆள் வீட்டுல இருக்காருன்னுதான அர்த்தம்? உன் செருப்பை இங்கேயே விட்டுட்டுப் போ. நீ இங்கதான் இருக்கேன்னு ஆயிரும்.”

அப்படியே செய்தார்கள். சக்கரம் தூரத்திலேயே இருந்தது.

வேலை மளமளவென்று நடந்தது. உலகநாதன் மிதித்தார், தளவாய் திறந்தான், பாட்டிலில் குமிழ் வந்தது. நடுவில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தளவாய் நட்டை மூடினான், சொல்ல மறந்துவிட்டு எழுந்து போனான். உலகநாதன் காலை எடுக்கவில்லை. மனைவி செண்பகவல்லி கார் ஜன்னல் வழியாகச் சோற்றை உருட்டிக் கொடுத்தாள். கால் மரத்து, அது தன்னுடையதுதானா என்ற சந்தேகமே அவருக்கு வந்துவிட்டது. தளவாய் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்து, “எடுக்கலாம்ணே” என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த காத்து கொஞ்சநஞ்சமில்லை. பாட்டில் கொதிக்கிற உலை மாதிரி குமிழியிட்டது. மாலை நாலு மணிக்கும் ஓயவில்லை. உலகநாதன் கப்பைப் பற்றி விசாரித்தார்.

“கண்ணை எடுக்கலண்ணே,” என்றான் சொரிமுத்து.

“ஆயில் எம்புட்டு இருக்கு?”

“அது மத்தியானமே தீந்துட்டு. இப்ப அடி நல்லாத் தெரியுது.”

“ஏல, ஊத்த வேண்டாமா?”

“பாக்கத்தான சொன்னாரு?”

உலகநாதன் தாளை எடுத்துப் பார்த்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. தம்பி மேல் குற்றமில்லை.

மறுபடி போன். ஆவுடையப்பன் பந்தியில் இருந்தார். பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “வண்டியில பொட்டுக் காத்து மிச்சம் இருக்கக் கூடாது அண்ணாச்சி. இருந்தா பிரேக் பிடிக்காது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூவரும் அந்த வாக்கியத்தை ஆராய்ந்தார்கள். கப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொரிமுத்து கேட்டான்: “அப்ப, டயர்ல இருக்கிறது?”

இவ்வளவு காத்தை வெளியே வைத்துக்கொண்டு பகல் முழுக்க உள்ளே தேடியிருக்கிறோமே என்று உலகநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு டயரிலும் காத்தை இறக்கினார்கள். ஸ்டெப்னியையும் விடவில்லை. பின்சீட்டில் கிடந்த ஊதுகிற தலையணையையும் அமுக்கி எடுத்தார்கள்.

பிறகு காரைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். இம்மி நகரவில்லை. இப்படி ஒரு பிரேக்கை உலகநாதன் ஆயுசில் கண்டதில்லை. அவர் கண் கலங்கியது.

சாயங்காலம் இசக்கியம்மாள் போனில் கண்டிப்பாகச் சொன்னாள். மாமியார் வீட்டுச் சனம் முழுக்கப் பார்க்கும், அண்ணன்மார் காரில்தான் வந்து இறங்க வேண்டும். காரை ஓட்டினால் பிரேக்கை விட வேண்டும். இத்தனை பாடுபட்டுப் பிடித்த பிரேக்கை விடுவதற்கு மூவருக்கும் மனசு வரவில்லை.

விடிந்ததும் கோயில் சப்பரம் தூக்கும் பதினாறு பேர் வந்து காரைத் தூக்கி, பேச்சிமுத்துவின் டிராக்டர் டிரெய்லரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அண்ணன் தம்பிமார் காருக்குள் ஏறி, காத்து புகாதபடி கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டார்கள். டிராக்டரைப் பேச்சிமுத்து ஓட்ட, உலகநாதன் கார் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். வளைவு வந்தால் திருப்பினார். மாடு குறுக்கே வந்தபோது மிதித்தார், டிராக்டர் நின்றது. ரயில்வே கேட்டில் மிதித்தார், நின்றது. ஒன்பது மணிக்கே தென்காசி வந்துவிட்டது. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, ஒரே ஒரு தரம் வீறிட்டு, காது குத்திக்கொண்டது.

பந்தியில் தங்கச்சி புருஷன் கோமதிநாயகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரும்பிப் போகும்போது தானும் டிராக்டரிலேயே ஊர் வரைக்கும் வரட்டுமா என்று கேட்டார்.

உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பேச்சிமுத்து காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

“அந்த டிராக்டரை நம்பி ஏறாதீங்க மாப்ளே. அதுல பிரேக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வழி நெடுக நான்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.”