சி டிரைவின் சுவரைத் தோள் கொடுத்துத் தள்ளினேன்

நான் சொல்வதை நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து நாலு மாடி ஏறிப் போகலாம், லிஃப்ட் ரிப்பேர். அன்றைக்கு இப்படிச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். மெக்கானிக் வரும்வரை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நான், எதிர் ஃப்ளாட் லோகநாயகி அக்கா, மடியில் லேப்டாப் பையோடு மூன்றாம் மாடி ஜெசிந்தா டீச்சர்.

ஜெசிந்தாவின் லேப்டாப்பில் இடமே இல்லையாம். சாயங்காலத்துக்குள் அரையாண்டுக் கேள்வித்தாளை அனுப்பியாக வேண்டும், அதுவோ சேவ் ஆக மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். துடைத்தால் அவள் இத்தனை வருஷம் சேர்த்த கேள்வித்தாள் அத்தனையும் போச்சு. வேறு வழியில்லாமல் கடைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கிட்ட குடு," என்றேன். "எங்க வீட்டுக்காரர் லேப்டாப்பைக் காலி பண்ணினவளே நான்தான்."

"நீயா?" என்றார் லோகநாயகி அக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகவே முழுசாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டுக்காரர் சபேசன், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ரகம். எது வந்தாலும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பார். அத்தனையும் சி டிரைவில் போய் அடையும். பக்கத்து அறை மாதிரி டி டிரைவ் துடைத்து வைத்தபடி காலியாகக் கிடக்கும். ஏன் என்று கேட்டால், அது இருக்கட்டும், நல்லது கெட்டதுக்கு வேணும் என்பார். சோபா வாங்கி எத்தனையோ தீபாவளி ஆகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத மனுஷன் வேறென்ன சொல்வார்?

ஒருநாள் சி டிரைவில் இனி இடமில்லை என்று சிவப்புக் கோடு முட்டிக்கொண்டு நின்றது. லேப்டாப் கனம் தாங்காமல் மேஜைக் கால் ஒன்று தரைக்குள்ளேயே இறங்கிவிட்டது. நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, கிரைண்டரைத் தூக்குகிற மாதிரி மூச்சைப் பிடித்துத் தூக்கினோம்.

"அந்தக் கால் நீங்க குடிவந்த அன்னிக்கே ஒடிஞ்சது," என்றார் அக்கா.

அது வேறு கால் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். குறுக்கே பேசினால் எனக்குப் பிடிக்காது. எங்கள் கான்வென்டில் மதர் சுப்பீரியர் திடுதிப்பென்று வந்து டெஸ்க்கைத் திறந்து பார்ப்பார். உள்ளே ஒரு பென்சில் சீவல் இருந்தாலும் பெஞ்சு மேல்தான் நிற்க வேண்டும். அந்த வளர்ப்பு எனக்கு. இந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

முதலில் குட்மார்னிங் படங்கள். ரோஜாப்பூ, குத்துவிளக்கு, ஆவி பறக்கும் காபி. அழிக்க அழிக்க வீடெல்லாம் ரோஜா வாசனை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததும் மாநகராட்சிக் குப்பை வண்டி தானாக வாசலில் வந்து நின்றது. பிரித்துக் கொடுத்தால்தான் எடுப்போம் என்றார்கள். ரோஜாவை மக்கும் குப்பையிலும், ஆபீஸ் சர்க்குலர்களை மக்காத குப்பையிலும் போட்டேன். ஒரு வண்டி போதவில்லை.

அழித்த ஃபைல் திரும்பக் கிடைக்குமா என்று ஜெசிந்தா கவலையாகக் கேட்டாள். திரும்பி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன் என்றேன்.

அப்படியும் சி காலியாகவில்லை. இருந்ததையெல்லாம் அள்ளி டி டிரைவுக்கு மாற்றினேன். மிச்சம் நடுச் சுவர். சியையும் டியையும் பிரித்து வைத்திருக்கிற சுவரைத் தள்ளினால்தான் முழுத் தீர்வு. மவுஸால் தள்ளினேன், அசையவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்தேன். சுவர் நகர்ந்த நகர்வில் எங்கள் ஹாலே ரெண்டு முழம் நீண்டுவிட்டது.

"அதான் எங்க சமையக்கட்டு சின்னதாயிடுச்சு போல," என்றார் அக்கா.

இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

சுவர் போன பிறகு பார்த்தால், உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. சபேசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். எதிரொலி மறுநாள் காபி நேரத்துக்குத்தான் திரும்பி வந்தது. நம் பில்டிங் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள், அடித்த சிக்ஸர் இன்னும் கீழே விழவில்லை. சர்வேயர் சங்கிலியோடு உள்ளே போனார், அவர் வீட்டில் இன்னும் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டை அங்கே மாற்றலாமா என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். சத்தம் ஆகாது என்று நான்தான் விடவில்லை.

ஜெசிந்தா பையின் ஜிப்பைத் திறந்தாள். லேப்டாப் பாதி வெளியே வந்துவிட்டது. நான் கையை நீட்டினேன்.

லோகநாயகி அக்கா கொட்டாவியை முடித்துக்கொண்டு சொன்னார். "அவ்வளவு இடம் இருக்குன்னா, எங்க வீட்டுப் பரண்ல வருஷக்கணக்கா கிடக்குற உன் பழைய கிரைண்டரை எடுத்துட்டுப் போ வத்சலா. கட்டில் சட்டத்தையும் சேர்த்து."

நான் அசருவேனா? "அது அங்கதான்க்கா இருக்கணும். எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா ஆபத்து. அதுக்குப் பேரு பேக்கப்."

நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. ஜெசிந்தா லேப்டாப்பைத் தன் மடியிலேயே வைத்துத் திறந்துகொண்டிருந்தாள்.

"வத்சலாக்கா, எனக்கும் டி டிரைவ் காலியாத்தான் கிடக்குது," என்றாள் மெதுவாக. "அது எதுக்கோ தனியா வச்சிருக்காங்கன்னு நான் தொட்டதே இல்ல."

பழைய கேள்வித்தாள்களை ஒவ்வொன்றாக அங்கே மாற்றினாள். எதுவும் அழியவில்லை. புதுக் கேள்வித்தாள் சேவ் ஆனது. மெக்கானிக் வருவதற்குள் அனுப்பியும் விட்டாள். பார்த்தீர்களா, யாரால் என்று அக்காவைக் கேட்டேன்.

லிஃப்ட் சரியாகி, நாங்கள் ஏறி, கதவு மூடியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எங்க பரண்லயும் சிவப்புக் கோடு வந்தாச்சு. சாயங்காலம் சபேசனைக் கூட்டிட்டு வா. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு, மூச்சைப் பிடிச்சுத் தூக்குங்க."