ஒருத்தியும் வாய் திறக்கவில்லை

அலையாத்திக் காட்டுப் பூங்காவின் பொறுப்பாளர் மதியழகனுக்கு ஒரு குரு இருந்தார். பெயர் செங்கமலம். வயதில் சீடரைவிடச் சிறியவர். அதனால் குரு சீடரை ‘அண்ணே’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இருவருக்கும் இதில் சங்கடம் இருந்ததில்லை.

மௌனம் பழகத்தான் மதியழகன் அவரிடம் போனார். பழகியது பிடித்துப்போனது. காட்டுக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒரு காலையில் குருவைப் படகில் அழைத்துப் போனார்.

பனி கலையவில்லை. இரு கரையிலிருந்தும் சுரபுன்னைக் கிளைகள் வளைந்து வந்து தலைக்குமேல் கைகோத்திருந்தன. வேர்கள் தண்ணீருக்குள் இறங்கின. தண்ணீருக்குள்ளிருந்து வேறு வேர்கள் ஏறி வந்தன. எது மரம், எது நிழல் என்று தெரியவில்லை. படகோட்டியின் துடுப்பு இங்கே விழுந்தது. சத்தம் வேறெங்கோ கேட்டது.

“இங்கிருந்து மௌன வனம், அம்மா” என்றார் மதியழகன், குரலைத் தாழ்த்தி. “நாளை முதல். கால்வாய் முகப்பில் சங்கிலி போட்டுவிடுவோம். டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் படகில் வரலாம். பேசக்கூடாது. பறவைகள் நிம்மதியாக இருக்கும்.”

“இப்போது யார் வருகிறார்கள்?”

“இறால் பிடிக்கும் பெண்கள். தண்ணீர் வடிந்ததும் இறங்குவார்கள். மறுபடி தண்ணீர் ஏறும்வரை சேற்றைக் கையால் தடவிக்கொண்டே இருப்பார்கள். இதை வைத்துத்தான் வீட்டில் உலை ஏறுகிறது, எனக்கும் தெரியும். வேறு பக்கம் போகட்டுமே.”

“வேறு பக்கம் இறால் இருக்கிறதா?”

“தேடினால் கிடைக்காதா அம்மா?”

“அவர்களிடம் கேட்டீர்களா?”

“கேட்காமல் செய்வேனா? நானே படகில் வந்து, மைக்கில் கேட்டேன். யாருக்காவது ஆட்சேபணை உண்டா, உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே அம்மா… காடே தலையாட்டியது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.”

படகோட்டி இருமினார்.

வளைவு திரும்பியதும் பனிக்குள் கறுப்பாக ஏதோ உருண்டைகள் மிதந்தன. கிட்டே போகப்போக அவை பெண்களின் தலைகளாயின. குந்தியிருந்ததால் கழுத்துவரை தண்ணீர். கண்கள் எதையும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவை கைகள், அடியில், சேற்றில். ஒவ்வொருவர் பல்லிலும் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் பனையோலைக் கூடை, முகவாயை ஒட்டி மிதந்தது. ஒரு கை இறாலோடு மேலே வரும். கூடைக்குள் போடும். மறுபடி அமிழும். பக்கத்து வேரில் ஒரு கொக்கு அசையாமல் நின்றிருந்தது.

“எவ்வளவு அமைதி, பார்த்தீர்களா?” என்றார் மதியழகன். “அன்றைக்கும் இப்படித்தான்.”

குரு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“அம்மா, சேறு!”

அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். படகு ஆடி நின்றது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் போய்க் கையை நீட்டினார்.

“கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்.”

அந்தப் பெண், பச்சையம்மா, குருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்துக் கொடுத்தார். குரு அதைக் கடித்துக்கொண்டு, கழுத்துவரை குந்தி, கைகளை அடியில் விட்டார்.

“என்ன அம்மா இது? மேலே வாருங்கள்.”

பதில் இல்லை.

“கோபமா?”

பதில் இல்லை.

“நான் செய்வது தவறா? தவறென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!”

கூடை மெல்ல ஆடியது.

“அந்தம்மா எப்படிச் சொல்லும்?” என்றார் பச்சையம்மா, தாடையைத் தேய்த்துக்கொண்டே. “வாயத் தொறந்தா கூடை போயிடும். கூடை போனா காலையிலேர்ந்து பட்ட பாடு போயிடும்.”

மதியழகன் திரும்பினார். அந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை.

“ஆட்சேபணையாம், ஆட்சேபணை! கரையில வெச்சுக் கேட்டிருந்தா காது கிழியச் சொல்லியிருப்போம். தண்ணிக்குள்ள வந்தா சார் கேப்பாங்க? நீ வாய் நெறைய சோத்தோட உக்காந்திருக்கச்சொல்ல நான் வந்து பாட்டுப் பாடுன்னா பாடுவியா?”

மற்றப் பெண்கள் மூக்கால் சிரித்தார்கள். தண்ணீர் சிலிர்த்தது.

“கொக்குக்காகத்தான் சார் சொல்றாரு” என்றார் படகோட்டி, பயந்துகொண்டே.

“கொக்கா? எங்க தலையில உக்காராத கொறைதான் அது. சாரு மைக்கப் புடிச்சாருல்ல, அன்னிக்குத்தான் பறந்து ஓடுச்சு.” குரல் இறங்கியது. “இந்த வாய்க்கால மூடிட்டா எங்க புள்ளைங்க என்னத்தத் துன்னும்? அதையும் மைக்குல சொல்லேன், கேட்டுக்கறோம்.”



பச்சையம்மா குருவிடம் கையை நீட்டினார். “குடு தாயி. பேசிக்கிட்டே இருந்தா யாரு புடிக்கிறது?” கூடையை எட்டிப் பார்த்தார். “அட, இம்மா நேரத்துக்கு ஒரே ஒரு இறாலா! நல்லா புடிச்ச போ.”

கயிற்றைக் கடித்தார். கழுத்துவரை அமிழ்ந்து, மெல்ல நகர்ந்து போனார்.

குரு படகில் ஏறினார். மதியழகன் துண்டை நீட்டினார். நெடுநேரம் படகு இருந்த இடத்திலேயே மிதந்தது. பனி மேலே போய்க்கொண்டிருந்தது. கிளைகளுக்குள் எங்கோ வெயில் பட்டு, தண்ணீரில் பச்சையாக இறங்கியது.

“அம்மா, இப்போதாவது சொல்லுங்கள். சங்கிலி போடட்டுமா, வேண்டாமா?”

குரு கூந்தலைப் பிழிந்தார்.

“என்னையா கேட்கிறீர்கள், அண்ணே?”

படகோட்டி துடுப்பை எடுத்தார். மதியழகன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தண்ணீர் ஏறினால்தான் பெண்கள் கரைக்கு வருவார்கள்; இன்னும் ஏறத் தொடங்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார்.